ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு

திங்கட்கிழமை ஒரு பொட்டு மழை இல்லை. ஆனாலும் மகளின் சிவப்பு மழைக்கோட்டு வாசல் ஆணியில் சொட்டச் சொட்டத் தொங்கியது.

அவன் சலவைக்கடை வைத்திருப்பவன். துணியை முகர்ந்தே அது குழாய்த் தண்ணீரா, மழையா, வியர்வையா என்று சொல்லிவிடுவான். சுருக்கங்களைப் பார்த்தால் போட்டிருந்தவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார் என்பதுகூடத் தெரிந்துவிடும். கோட்டில் இருந்தது மழைத் தண்ணீர்.

"பாப்பா வெளியவே போகலைங்க," என்றாள் மனைவி. "அந்த மூக்குக்கு ஒரு நாளாவது லீவு குடுங்களேன்."

இலைகளெல்லாம் கொட்டித் தீர்ந்து, குளிர் தொடங்குமுன் வானம் கிறுக்குப் பிடித்து ஆடும் வாரம் அது. செவ்வாய்க்கிழமை பேய்மழை. நனைந்த கோட்டு அன்று மாலையே வெயிலில் காய்ந்ததுபோல் மொறமொறவென்று இருந்தது; தொட்டால் சுட்டது. புதன்கிழமை வெயில் கொளுத்தியது. அன்று மாலை கோட்டின் மேல் பனிமூட்டத்தின் ஈரம் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. வியாழன் விடிந்தபோது எதிர்வீடு தெரியவில்லை.

இன்றைக்குக் கோட்டில் இருப்பதுதான் நாளைக்கு வெளியே வரும். மனைவியிடம் சொல்ல வாயெடுத்தான், சிரிப்பாளே என்று விட்டுவிட்டான்.

வியாழன் மாலை, பனிமூட்டத்தில் சுவரைத் தடவித் தடவி வீடு திரும்பியவனை வாசலிலேயே அந்த வாடை பிடித்துக்கொண்டது. பாசி, அழுகிய இலை, வெயிலே படாத அடிச்சேறு. கோட்டு ஆணியையே வளைத்துக்கொண்டு கனமாகத் தொங்கியது. கோட்டின் ஒரு கையைப் பிழிந்தான். பச்சைத் தண்ணீர் வழிந்தது.

மழை இல்லை இது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குளம்.

வெள்ளிக்கிழமை மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே அவளுக்கு?"

"சொன்னாக் கேளு. இன்னிக்கு ஒரு நாள் அவள விட்டு நகராத."

பூட்டிய வீட்டுக்குள்ளும் அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் அதைச் சுருட்டிக்கொண்டு போய்க் குளத்தில் வீசினான். கோட்டின் கைகள் இரண்டும் தண்ணீர் குடித்து உப்பின. கோட்டு மெல்ல முங்கியது. அப்போதுதான் உறைத்தது. குளத்துத் தண்ணீர் என்றால் இதுதான்! கோட்டு மட்டும்தான் குளத்துக்குப் போக வேண்டியிருந்தது, அவள் இல்லை. கரையிலேயே குந்தி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து, காலியாக இருந்த ஆணியில் தன் பழுப்புக் கோட்டை மாட்டினான். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா என் கோட்ட குளத்துல போட்ட? ஜன்னல்ல பாத்தேன்."

"புதுசு வாங்கித் தர்றேன்டா கண்ணு."

"எனக்கு அதான் வேணும். நாளைக்கு நானே போய் எடுத்துக்குவேன்."

அவன் பதில் சொல்வதற்குள் வாசல் பக்கம் ஏதோ சொட்டியது.

சொட்டு. மறுபடியும்.

அவனுடைய கோட்டு. உலர்ந்த கோட்டைத்தான் மாட்டினான். இப்போது அதன் கீழே தரையில் பச்சைத் தண்ணீர். அதே பாசி. அதே சேறு.

தோளில் சுருக்கங்கள். சின்ன விரல்கள் இறுக்கிப் பிடித்த சுருக்கங்கள். பத்து. அவை தோளில் நிற்கவில்லை. முதுகில் வழுக்கி, இடுப்பில் ஒருமுறை மறுபடி பற்றி, கீழ் விளிம்புவரை இழுபட்டு இறங்கின. அங்கே விட்டுவிட்டன.

இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கினான். அழுத்தினான். மறுபடி அழுத்தினான். குளத்து வாடையோடு ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. அவன் கைக்கு மசியாத சுருக்கம் இதுவரை இருந்ததில்லை.

ஆவி விலகியது. பத்து விரல்களும் அப்படியே இருந்தன.