நானூறு முறை தோற்ற கரும்புயல்

வாலு அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே பிறந்திருக்காது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பெண்ணை யாராவது வாலு என்று கூப்பிடுவார்களா?

அவள் படிக்கும் ஐந்தாம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் யாராவது ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ வந்து, தாங்கள் பார்க்கும் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். பல் டாக்டர் ஒருவர் வந்தார். எல்லார் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பஸ் டிரைவர் ஒருவர் வந்து விதவிதமான ஹாரன் சத்தங்களை வாயாலேயே எழுப்பிக் காட்டினார். அடுத்த வெள்ளி வாலுவின் முறை.

"எங்கம்மா மல்யுத்த வீராங்கனை. மேடையில அவங்க பேரு கரும்புயல். பதிமூணு வருஷம் சண்டை போட்டாங்க. ஒரு மேட்ச்ல கூட தோத்ததே கிடையாது" என்று வாலு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அளந்துவிட்டாள்.

பாவம், அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சுவரில் ஒரு தங்க நிற பெல்ட் தொங்குகிறது. அதன் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு நட்சத்திரம். அந்த மாதிரி பெல்ட்டை ஜெயித்தவருக்குத்தானே கொடுப்பார்கள்?

மறுநாள் காலையில் அகராதி வந்தான். எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பிப்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது. அவனுடைய மாமாவின் போனில் கரும்புயலின் பழைய மேட்ச்களைத் தேடிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஏழு வீடியோ. ஏழிலும் கரும்புயல் தோற்றிருந்தார். ஒன்றில் அவரைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே போட்டார்கள். இன்னொன்றில் கூட்டமே எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

"ஏழுக்கு ஏழு. எல்லாத்துலயும் தோல்விதான்" என்றான் அகராதி. அவன் கெட்ட பையன் இல்லை. எதுவும் துல்லியமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன், அவ்வளவுதான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிக்காமல் இருந்தவள் கடைசி பெஞ்ச் பட்டாணி மட்டும். வகுப்பிலேயே மிகவும் குட்டியான பெண் அவள். விளையாட்டுக்கு ஆள் எடுக்கும்போது எப்போதும் கடைசியாக மிஞ்சுவாள். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். வாலுவின் முகம் சிவந்ததைப் பார்த்து, பட்டாணி தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தாள்.

பள்ளி விட்டதும் வாலு நேராக மெத்தைக் கடைக்குப் போனாள். அம்மாவுக்கு இப்போது அங்கேதான் வேலை. வலது முழங்கால் இனி முடியாது என்று கைவிரித்துவிட்டதால், மேடையை விட்டு விலகி நான்கு வருடம் ஆகிறது.

மெத்தைக் கடையில் அம்மா விற்கும் அழகே தனி. வருகிறவர்கள் மெத்தையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்து, "நல்லா உழைக்குமா?" என்று இழுப்பார்கள். அம்மா பதிலே சொல்ல மாட்டார். மெத்தைக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளை விரித்து, மரம் சாய்கிற மாதிரி மல்லாக்க விழுவார். தொம்மென்று சத்தம் கேட்கும். பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து உட்காருவார். வந்தவர்கள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

"அம்மா, நீ எத்தனை மேட்ச் ஜெயிச்சிருக்க?" என்று கேட்டாள் வாலு.

அம்மா தலையணை உறையை மடித்துக்கொண்டே யோசித்தார். "பதினொண்ணு."

"மொத்தம் எத்தனை போட்டிருக்க?"

"நானூத்திப் பதினொண்ணு."

வாலு மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். கழித்தல் சுலபமாகத்தான் இருந்தது. விடைதான் பிடிக்கவில்லை.

"அப்ப அந்த தங்க பெல்ட்?"

"அதுவா? உங்கப்பா தைச்சது" என்று சொல்லி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா அப்போது மல்யுத்தக் குழுவுக்கு உடை தைக்கும் தையல்காரர். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று வாய்விட்டுக் கேட்க வெட்கம். அதனால் மிச்சம் கிடந்த ஜன்னல் திரைத் துணியில் ஒரு பெல்ட் தைத்துக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாராம்.

அதற்குப் பிறகு அம்மா எதையும் மறைக்கவில்லை. யார் ஜெயிப்பது என்பதை மேடை ஏறுவதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வார்களாம், நாடகத்தில் யார் ராஜா, யார் திருடன் என்று முடிவு பண்ணுகிற மாதிரி. கரும்புயலுக்கு எப்போதும் கெட்டவள் வேஷம். கறுப்பு அங்கி போட்டு, கண்ணைச் சுற்றி மை பூசிக்கொண்டு, கூட்டத்தை முறைத்துக்கொண்டே வருவார். கூட்டம் திட்டினால் அம்மாவுக்கு ஒரே குஷி. வேலையை ஒழுங்காகச் செய்கிறோம் என்று அர்த்தமாம்.

ஆனால் விழுவது மட்டும் நிஜம். தூக்குகிறவரால் தனியாகத் தூக்கவே முடியாது. தூக்கப்படுகிறவர் சரியான நொடியில் எம்ப வேண்டும். விழும்போது முகவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தரையை ஓங்கி அறைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் எலும்பு எண்ணிக்கை கூடிவிடும்.

"விழுந்து கிடக்கும்போது நடுவர் வந்து என் கையைப் பிடிப்பார். பாக்கிறவங்களுக்கு ஏதோ சோதிக்கிற மாதிரி இருக்கும். நான் ரெண்டு தடவை அமுக்கினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். அமுக்கலேன்னா மேட்ச்சை உடனே நிறுத்திடுவாங்க" என்றார் அம்மா.

வாலு ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கிளாசில் சிரித்தார்களா என்று கேட்டார். வாலு தலையணையின் நுனியைத் திருகினாள். அதுவே பதிலாகிவிட்டது.

"சரி விடு. வெள்ளிக்கிழமை நான் மெத்தையைப் பத்தி மட்டும் பேசிட்டு வந்துடறேன். அதுவும் என் வேலைதானே" என்று அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் வாலு ஒன்றைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்காக அம்மா தன் பழைய கறுப்பு பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வாசல் பக்கம் வைத்திருந்தார். இப்போது அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, அலமாரியின் மேலே ஏற்றினார். ஏற்றிவிட்டு, குழந்தையைத் தட்டுகிற மாதிரி பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

தோற்றதற்காக அம்மா ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. வாலு வெட்கப்படுகிறாள் என்றுதான் பூட்ஸை ஒளித்து வைக்கிறார். வகுப்பின் மேல் இருந்த கோபமெல்லாம் போய், தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, வாலு நாற்காலி போட்டு ஏறினாள். பூட்ஸை எடுத்துப் பையில் திணித்தாள். சுவரில் இருந்த பெல்ட்டையும் திணித்தாள். நாற்காலி ஆடியது. அப்பா எங்கிருந்தோ வந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார். எதற்கு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டினார்.

கடைசி பீரியடில் கடை வண்டியில் இரண்டு பெரிய மெத்தைகளோடு அம்மா வந்து இறங்கினார். பஞ்சு மெத்தைக்கும் நார் மெத்தைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். வகுப்பில் ஒருவன் கொட்டாவி விட்டான். அது அப்படியே பெஞ்ச் பெஞ்ச்சாகப் பரவி டீச்சர் வரைக்கும் போனது. அம்மாவின் குரலும் அதன் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டே வந்தது. தன் அம்மாவை இப்படிச் சுரத்தே இல்லாமல் வாலு பார்த்ததில்லை.

அகராதி கையைத் தூக்கினான். "ஆன்ட்டி, நீங்க எல்லா மேட்ச்லயும் தோத்துட்டீங்கதானே?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாலு எழுந்துவிட்டாள்.

"எல்லாத்துலயும் இல்ல. நானூறுலதான்" என்றாள். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. ஆனா எங்கம்மா அளவுக்கு அழகா தோக்க இந்த உலகத்துலயே ஆள் கிடையாது. நம்பலேன்னா நீங்களே வந்து ஜெயிச்சுப் பாருங்க."

பையைத் திறந்து பூட்ஸை எடுத்து அம்மாவின் காலடியில் வைத்தாள். அம்மா பூட்ஸைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் கண் பளபளத்தது. பிறகு உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

டீச்சருக்குக் கொஞ்சம் பயம். பிள்ளைகளுக்கு அடிபடாதா என்று தயங்கினார். அம்மா இரண்டு மெத்தைகளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே, "பிள்ளைங்க யாரும் விழ மாட்டாங்க டீச்சர். விழறது நான் மட்டும்தான்" என்றார்.

போட்டிக்கு யார் வருவது? இருபது முப்பது கைகள் காற்றில் ஆடின. அகராதி இரண்டு கையையும் தூக்கியிருந்தான். கடைசி பெஞ்சில் ஒரு சின்னக் கை காது வரைக்கும் ஏறி, யோசித்து, இறங்கிவிட்டது. வாலு அதைப் பார்த்துவிட்டாள்.

"பட்டாணி, நீ வா. நான்தான் நடுவர்" என்றாள்.

பட்டாணி வந்து நின்றாள். அம்மாவின் இடுப்பு வரைக்கும்தான் இருந்தாள். அம்மா குனிந்து அவள் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அடுத்த நொடி நிமிர்ந்தார் பாருங்கள், மெத்தை விற்கும் அம்மாவைக் காணோம். கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, "யாருடா எனக்கு எதிரி? இந்தக் கடுகா?" என்று உறுமினார். முன் பெஞ்ச் பின்னால் சாய்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கரும்புயலைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அம்மாவுக்கு ஒரே குஷி.

பட்டாணி இரண்டு கையாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. கரும்புயல் அந்தரத்தில் எழும்பி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, மெத்தையில் டமாரென்று விழுந்தார். கரும்பலகையின் விளிம்பில் இருந்த சாக்பீஸ் உருண்டு கீழே விழுந்தது.

வகுப்பு வாயைப் பிளந்தது. அம்மா அசையவில்லை.

பட்டாணியின் உதடு பிதுங்கியது. டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வாலு மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். கை சும்மா கிடந்தது. அந்த வலது முழங்கால் அவள் நினைவுக்கு வந்தது.

அம்மா, அமுக்கு. ஒரு தடவை அமுக்கு.

கை அமுக்கியது. மறுபடியும் ஒரு தடவை.

வாலுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் நடுவர் சிரிக்கலாமா? முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மெத்தையை ஓங்கித் தட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

தங்க பெல்ட்டை எடுத்துப் பட்டாணியின் இடுப்பில் கட்டினாள். அது இரண்டு சுற்று வந்தது. பட்டாணி நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நான் ஜெயிச்சுட்டேன்" என்றாள்.

அது கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது. பட்டாணியின் குரல் இப்படித்தான் இருக்கும் என்று வகுப்புக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வகுப்பே வரிசையில் நின்றது. ஒருவன் விரலால் தொட்டதும் கரும்புயல் சரிந்தார். ஒருத்தி ஊதியதும் உருண்டார். அகராதி சுற்றி வந்து உற்று உற்றுப் பார்த்துவிட்டுத் தோளைப் பிடித்துத் தள்ளப் போனான். கரும்புயல் ஐந்தடி தள்ளிப் போய் விழுந்தார்.

"நான் தள்ளவே ஆரம்பிக்கல. எப்படி இது?" என்று அகராதி வாலுவின் காதில் கேட்டான்.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் வாலு.

"தெரியாது" என்றான் அகராதி. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. கடைசியாக டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்.

சாயங்காலம் அம்மாவும் மகளும் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்.

"முப்பத்திரண்டு மேட்ச். முப்பத்திரண்டும் தோல்வி" என்றார் அம்மா பெருமையாக. பூட்ஸைக் கழற்ற அவருக்கு மனமே வரவில்லை.

"அட, அப்ப இந்த ஊர்ல உன்கிட்ட ஜெயிக்காத ஆள் நான் மட்டும்தானா?" அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். வாலு ஓடிப் போய் சோபாவில் இருந்த துணிகளை அள்ளி ஓரமாகப் போட்டாள்.

அம்மா அப்பாவை அலாக்காகத் தூக்கி சோபாவில் போட்டார். வாலு அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அது இரண்டு தடவை அமுக்கியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி முடித்தாள்.

கரும்புயலின் பன்னிரண்டாவது வெற்றி அது.