உருளையில் ஒரு கருகிய துளை

1964 நவம்பர். சனிக்கிழமை, காலை 11.20.

வேடசந்தூர் சாலையில் இருந்த அந்த நூற்பாலையின் பரிசோதனை அறையில் அதன் பொறுப்பாளர் கருப்புசாமி மல்லாந்து கிடந்தார். உயிர் போயிருந்தது. கதவின் உள்தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது.

இன்ஸ்பெக்டர் நூர் அகமது வாசலிலேயே நின்று இரண்டு தடவை இருமினார். ஆலை முற்றத்தைக் கடப்பதற்குள் பஞ்சுத்தூசு தொண்டையில் குடியேறிவிட்டது. இதற்குள்ளே மனுஷன் எட்டு மணி நேரம் எப்படித்தான் நிற்கிறானோ என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

மேஜைக்கு அடியில், ஏலத்தில் எடுத்த பழைய எக்ஸ்ரே மெஷினின் மின்சாரப் பெட்டி. மேஜைமேல் பித்தளை ஊசி பொருத்திய கண்ணாடிக் குழாய். ஒரு சாண் தள்ளி, சுழலும் தகர உருளை. அசிட்டோனில் கரைத்த பிளாஸ்டிக் பாகு ஊசி நுனிக்கு வரும். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் அதை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நூலாக்கி உருளையில் படியவைக்கும். படிந்ததை உரித்தால் ஒரு வெள்ளை விரிப்பு. மூக்கில் கட்டிக்கொண்டால் காற்று நுழையும், தூசு நுழையாது.

காற்றடித்தால் நூல் கலைந்துவிடும் என்று கருப்புசாமி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். சுவிட்ச் வெளியே வராந்தாவில். அதைப் போடுவதும் அணைப்பதும் உதவியாளர் செபாஸ்தியம்மாளின் பொறுப்பு.

"இவதான்யா கொன்னது," என்றான் சோலைமுத்து. பஞ்சு உதறும் ப்ளோரூமின் மேஸ்திரி. அவனுடைய காக்கிக் கால்சட்டையின் முழங்கால் இரண்டிலும் கஞ்சி காய்ந்தாற்போல ஏதோ பளபளத்தது. "அணைச்சிருக்குன்னு நம்பி அவரு ஊசியத் துடைக்கப் போயிருக்காரு. இவ சுவிட்சப் போட்டுட்டா."

"நீ உள்ள போனியா?"

"கதவ ஒடச்சேன். வாசப்படியில நின்னே பாத்தேன், உசுரு இல்ல. இவள டாக்டரக் கூட்டியாரச் சொல்லி வெரட்டிட்டு வராந்தாவுலயே நின்னேன். உள்ள காலு வைக்கலய்யா."

செபாஸ்தியம்மாள் வராந்தாச் சுவிட்சைக் காட்டினாள். "அவரு அணைன்னு சொல்லவே இல்லய்யா. பத்தரைக்குப் போட்டது, ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. தொப்புனு சத்தம் கேட்டப்பொறவுதான் அணைச்சேன். என்னைய ஜெயில்ல போட்டுட்டா எங்கண்ணனுக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல. நெஞ்சுல தூசு அடைச்சு, படுத்த படுக்கையாக் கெடக்கு."

"ஓடும்போது அவர் எதையாவது தொடுவாரா?"

"உருளையத் தொடுவாரு. அப்பளம் காஞ்சிருச்சான்னு பாக்குற மாதிரி சுண்டுவிரலால. அது எர்த்துல சேந்திருக்கு, ஒண்ணுஞ் செய்யாதும்பாரு. மேஸ்திரிகூட அதப் பாத்துச் சிரிப்பாரு."

"இன்னிக்குக் காலைல அறை எப்பவாவது சும்மா கிடந்ததா?"

"பத்து மணிக்கு நாங்க டீ குடிக்கப் போனோம். பூட்டல, வெறும் கொண்டிதான் போட்டிருந்துச்சு."

11.50.

நூர் அகமது குனிந்து பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஒயர்கள் மேலே போயின. விரலால் தடவிக்கொண்டே போனார். மின்சாரம் ஊசிக்கு, எர்த் உருளைக்கு. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

பாகு பாட்டில் கவிழ்ந்து, பெட்டிக்கு முன்னால் தரையெல்லாம் தோலாகக் காய்ந்திருந்தது. அந்தத் தோலில் இரண்டு வட்டப் பள்ளங்கள்.

12.10.

"சோலைமுத்து, ஊசி நுனியில் பாகுச் சொட்டு அப்படியே உறைந்திருக்கிறது. அதை யாரும் துடைக்கவில்லை. கருப்புசாமியின் சுண்டுவிரல் கருகியிருக்கிறது; அதில் வெள்ளை நூல் ஒட்டியிருக்கிறது. உருளை விரிப்பிலும் அதே அளவில் கருகிய துளை. அவர் தொட்டது உருளையைத்தான்."

"உருளை ஒண்ணுஞ் செய்யாதேய்யா..."

"இப்போது செய்யாது. காலையில் செய்தது. டீ நேரத்தில் நீ இரண்டு ஒயரையும் இடம் மாற்றினாய். மின்சாரம் உருளைக்கு, எர்த் ஊசிக்கு. அப்போதும் நூல் அதே உருளையில்தான் படியும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. வழக்கம்போல விரலை வைத்தார். இந்தப் பெண்ணைத் துரத்திவிட்டு, நீ பெட்டி முன்னால் மண்டிபோட்டு ஒயர்களைத் திரும்ப மாற்றினாய். அவர் விழுந்தபோது கை தட்டிக் கவிழ்ந்த பாட்டிலின் பாகு அப்போது ஈரமாக இருந்தது. உள்ளே கால் வைக்காதவன் முழங்காலில் அந்தப் பாகு எப்படி வந்தது?"

சோலைமுத்து குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். பிறகு தலை நிமிரவில்லை.

"மாற்றாமல் விட்டிருந்தால், கருப்புசாமியே தப்பாக மாட்டிச் செத்தார் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். எதற்காகச் செய்தாய்?"

செபாஸ்தியம்மாள்தான் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். ப்ளோரூம் ஆட்கள் முகத்தில் கட்டிக் கழற்றிய பதினான்கு விரிப்புகள். ஒன்றுகூட வெள்ளையாக இல்லை.

"திங்கக்கெழம தொழிற்சாலை ஆய்வாளர் வாராரு. அவருகிட்ட இதையெல்லாம் காட்டணும்னு சாரு எடுத்து வச்சிருந்தாரு. தூசு இழுக்குற ஃபேன் ஓடுனா பஞ்சும் சேந்து வீணாப் போகுதுன்னு மேஸ்திரி ஆறு மாசமா நிறுத்திவச்சிருக்காரு. சாரு எம்புட்டோ சொன்னாரு, கேக்கல."

சோலைமுத்துவைக் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்துவிட்டு, அதை நேரில் பார்த்துவிட நூர் அகமது கிளம்பினார். புது விரிப்பு ஒன்றை எடுத்து அவர் முகத்தில் அவள் கட்டிவிட்டாள்.

ப்ளோரூமில் எதிரே நிற்பவன் முகம் தெரியவில்லை. சுவரில் நாலு ஃபேன்களும் அசையாமல் நின்றன. தூசுக்குள்ளிருந்து இருமல் மட்டும் அங்கங்கே கேட்டது. பயம் என்று எதையும் ஒத்துக்கொள்ளாத இன்ஸ்பெக்டருக்கு அங்கே பயமாக இருந்தது.

12.40. வெளியே வந்து விரிப்பைக் கழற்றினார். மூக்கு இருந்த இடம் பழுப்பாகியிருந்தது.

"பத்து நிமிஷம்தானே நின்றேன்," என்றார்.

"எங்கண்ணன் பதினோரு வருஷம் நின்னுச்சுய்யா," என்றாள் செபாஸ்தியம்மாள். அவர் கையிலிருந்ததை வாங்கிப் பதினைந்தாவதாகப் பெட்டிக்குள் வைத்தாள்.