தூர் வாராத கிணறு

1937, சித்திரை மாதம். விடிந்தும் விடியாததுமாக, வள்ளியம்பாளையத்துப் படிக்கிணற்றில் மீனெல்லாம் செத்து மிதக்கிறது என்று டாக்டர் சிவஞானம் போட்ட கூச்சலில்தான் ஊர் விழித்தது.

செத்த மீனுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். நரம்புச் சிலந்தி வந்தவன் சிரிக்கமாட்டான். குடித்த தண்ணீரோடு உள்ளே போன கிருமி, வருஷம் கழித்து முழ நீளப் புழுவாகக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்து எடுக்கும்வரை மனுஷன் படுத்த படுக்கைதான். அந்தக் கிருமியைச் சுமக்கும் தண்ணீர்ப் பூச்சியை மீன் தின்றுவிடுமா என்று ஆராய, சேலத்துப் பெரிய மனிதர்கள் நடத்திய ரோக நிவாரண தர்ம நிதி இந்தக் கிணற்றைத் தேர்ந்தெடுத்திருந்தது. சிவஞானம் மீன் விட்டு இரண்டு வருஷமாகிறது. வெற்றிமேல் வெற்றி என்று அவர் எழுதிய அறிக்கைகளைப் படித்துப் பூரித்துப்போன தலைவர் ராவ்சாகிப் சபாபதி, உறுப்பினர்களோடு நேரில் பார்க்க வருவதாக இருந்த நாள் அது.

மோகனூர் சப் இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தபோது, நியாயம் பாதி முடிந்திருந்தது. கிணற்றை ஒட்டிய தோட்டத்துக்காரன் கருப்பண்ணனைப் புளியமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். அவன் வேலியில் திருகுகள்ளி புதிதாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய துண்டுகள் கிணற்றில் மிதந்தன. கள்ளிப்பால் மீனைக் கொல்லும் என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும். குடிக்கிற தண்ணீரில் விஷம் கலந்தவன் கம்பி எண்ண வேண்டும் என்பதும் தெரியும்.

"இவனுக்கும் உங்களுக்கும் என்ன பகை?" என்று கேட்டார் வெங்கடாசலம்.

"போன வாரம் ஊர் முன்னாலேயே என்னோட சண்டை போட்டான்" என்றார் டாக்டர். "சித்திரையில கிணத்தைத் தூர் வாரணுமாம். தண்ணியை இறைச்சுட்டுச் சேறு அள்ளினா மீன் பிழைக்குமா? கூடாதுன்னேன். போன வருஷமும் கூடாதுன்னுதான் தடுத்தேன். 'மீனு செத்தா வாரலாமில்ல'ன்னு கத்தினான். ஊரே கேட்டுது."

வெங்கடாசலம் கருப்பண்ணன் பக்கம் திரும்பினார். "சொன்னியா?"

"கோவத்துல சொன்னனுங்க சாமி. சேறு மண்டித் தண்ணி நாறுதுங்க. ஆனா எங்க ஊட்டுலயும் அதையத்தானுங்க குடிக்கறோம். அதுல போயி நான் கள்ளிப்பால ஊத்துவனுங்களா?"

அவன் மனைவி உண்ணாமலை முன்னால் வந்தாள். "கோழி கூப்புடறப்ப நாந்தானுங்க மொதக் கொடம் மொண்டேன். நல்ல நெலா வெளிச்சமுங்க. அப்ப ஒரு மீனும் மெதக்கலீங்க."

"புருஷனைக் காப்பாத்த வேற என்ன சொல்லுவா?" என்றார் டாக்டர். "இன்ஸ்பெக்டர், இந்த மீனையெல்லாம் சீக்கிரம் புதைக்கச் சொல்லுங்க. நாத்தம் குடலைப் புடுங்குது. நோய் பரவும்."

"மொதல்ல எல்லாத்தையும் அள்ளிப் பாயில போடட்டும். அப்புறம் புதைக்கலாம்."

வெங்கடாசலம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிப் படி வரை இறங்கினார். அவர் காலடிச் சத்தத்துக்கு இரண்டு தவளைகள் தண்ணீரில் குதித்தன. படியோரத்தில் தலைப்பிரட்டைகள் கும்பல் கும்பலாக நெளிந்துகொண்டிருந்தன. மேலே வந்து, பாயில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். கண்ணெல்லாம் வெளுத்துக் குழிவிழுந்திருந்தது. செவுளை விரலால் விரித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் விரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, டாக்டரின் குதிரை வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். வண்டி நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. ஆனாலும் ஆசனத்தின் அடியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கருப்பண்ணனின் கட்டையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. அதைப் பார்த்து உண்ணாமலை அழ ஆரம்பித்தாள்.

காலை ஒன்பது மணி. ராவ்சாகிபின் மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவர்கள் அத்தனை பேரும் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே இறங்கினார்கள். எல்லோரும் பரம சைவம். பாய்ப் பக்கம் ஒருவர் தலையும் திரும்பவில்லை.

"அறியாத ஜனங்க" என்று வருத்தப்பட்டார் ராவ்சாகிப். "நல்லது செய்ய வந்தா இதுதான் பலன். ஆளைப் பிடிச்சாச்சில்ல?"

"பிடிச்சாச்சுங்க" என்றார் வெங்கடாசலம். "ஆனா மரத்துல கட்டியிருக்கறவன் இல்லீங்க. உங்க பக்கத்துல நிக்கறாரே, அவருதான்."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"கெணத்துல கள்ளிப்பால் கலந்திருந்தா, மீனுக்கு முன்னால தலைப்பிரட்டை செத்திருக்கோணும். அது சந்தோஷமா நீந்துது. மீனு மட்டும் செத்திருக்குது. அதுவும் இன்னிக்குச் செத்த மீனு இல்லீங்க. கண்ணைப் பாத்தாத் தெரியும், நேத்துச் செத்தது."

"அதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார் டாக்டர்.

"சாட்சி செவுள்ல இருக்குதுங்க." வெங்கடாசலம் ஒரு மீனைத் தூக்கி ராவ்சாகிபின் முகத்துக்கு நேரே நீட்டினார். பெரியவர் இரண்டடி பின்வாங்கினார். "காவேரியில மீன் விக்கறவங்க, செவுள்ல கோரைப்புல்லைச் சொருகி வாய் வழியா இழுத்துக் கொத்தாக் கட்டித் தருவாங்க. எங்க ஊட்டுக்கு ஞாயித்துக்கிழமை தவறாம அப்படித்தானுங்க வருது. இதுல ஒவ்வொண்ணுக்கும் செவுள் கிழிஞ்சிருக்குது. கெணத்துல நீந்தற மீனுக்கு யாருங்க காது குத்துனது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வெங்கடாசலம் சிரிக்கவில்லை. வண்டி ஆசனத்தைத் தூக்கினார். அடியில் ஈரக் கோரைப்புல் சுருண்டு கிடந்தது. மீன் செதில் ஒட்டியிருந்தது.

"மீனே வாங்கிப் பழக்கமில்லாதவரு. புல்லை உருவிட்டாப் போதும்னு நெனச்சுட்டாரு. பாக்க வாரவங்களும் மூக்கைப் பொத்தீட்டு நிப்பாங்கன்னு அவருக்குத் தெரியும்."

"எதுக்காகய்யா இவர் தன் கிணத்துல தானே செத்த மீனைப் போடணும்?" என்று கேட்டார் ராவ்சாகிப்.

"தூர் வாரினாத் தரை தெரியுமுங்க. இருக்கற மீனைக் காப்பாத்தறதுக்கு இவரு தடுக்கல. கெணத்துல மீனே இல்லைங்கறதை மறைக்கத் தடுத்தாரு. இன்னிக்கு நீங்க வந்து மீனைக் காட்டுன்னா எதைக் காட்டுவாரு? அதான் ஒரு கொலையும் வேணும், ஒரு கொலைகாரனும் வேணும்னு ஆயிப்போச்சு."

சிவஞானம் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "தகர டின்னுல வெயில்ல கொண்டுவந்தேன்" என்றார் தரையைப் பார்த்தபடி. "விட்ட வாரத்துலயே எல்லாம் செத்துப்போச்சு. முதல் அறிக்கையை நல்லபடியா எழுதிட்டேன். அப்புறம் எப்படி மாத்தி எழுதறது?"

ராவ்சாகிப் வெங்கடாசலத்தைத் தனியே இழுத்தார். "இந்த ஆராய்ச்சியைப் பத்திச் சென்னை வரைக்கும் பேசறாங்க. நிதிக்கே தலைகுனிவு. அந்தத் தோட்டத்துக்காரன் மேலயே சின்ன வழக்காப் போட்டு முடிச்சுடலாமே."

வெங்கடாசலம் புளியமரத்துக்குப் போய்த் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார்.

கருப்பண்ணன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அப்படியே நின்றான். விடுதலையான சந்தோஷம் அவன் முகத்தில் இல்லை.

"ஏனுங்க, அப்ப கெணத்துல மீனு இருக்கவே இல்லீங்களா?"

"இல்லை."

"மீனு பூச்சியெல்லாம் தின்னுபோட்டுது, இனித் துணியில வடிகட்ட வேண்டாம்னு இவருதானுங்க ஊரெல்லாம் சொன்னாரு. அதை நம்பித்தானுங்க எம்புள்ள பொன்னாயிக்குத் தண்ணி குடுத்தோம். அது காலு வீங்குனப்ப, இது சிலந்தியில்ல, வெறுங் கட்டின்னு சொல்லி இவரே கீறி உட்டாருங்க. அதுக்கப்புறம் அது எந்திரிச்சு நடக்கவே இல்லீங்க."

வெங்கடாசலத்துக்குப் புரிந்துவிட்டது. கீறினால் புழு உள்ளேயே அறுந்துபோகும். கால் அழுகி, நரம்பு சுருங்கிவிடும். இருந்தாலும் கேட்டார்: "தெரிஞ்சேவா கீறினீங்க?"

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. "புதுசா சிலந்தி வந்ததுன்னா, மீன் இல்லைன்னு தெரிஞ்சுடும்."

உண்ணாமலையின் அழுகை நின்றுவிட்டது. ராவ்சாகிப் இப்போதுதான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "அம்மா, குழந்தையை எடுத்துட்டு வா. என் மோட்டார்லயே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாம் நிதியே பார்த்துக்கும்."

"வேண்டாமுங்க" என்றாள் உண்ணாமலை. "உங்க தர்மம் எங்க ஊட்டுக்கு ஒருக்கா வந்தது போதுமுங்க."