ழ-வை விழுங்கியது யார்?

காலை 8.55

“ழ-வைக் காணோம்!”

தட்டச்சுக்காரர் மின்னல் அண்ணன் போட்ட கூச்சலில், மாடியில் இருந்த பதிப்பாளர் அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்துவிட்டார்.

அந்தப் பதிப்பகத்தில் ஏழு வருஷமாக ஒரு வால் அகராதி உருவாகிக்கொண்டிருந்தது. முதல் எழுத்தை வைத்துச் சொல் தேடுகிற அகராதி எங்கேயும் கிடைக்கும். இது கடைசி எழுத்தை வைத்து அடுக்கியது. பாட்டு எழுதுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பதினெட்டு மெய்க்கும் பதினெட்டு ஃபைல். ங-வில் ஒரு சொல்லும் கிடையாது, சும்மா மரியாதைக்கு ஒரு ஃபைல். ஆனால் ழ? தமிழ், யாழ், புகழ், சிமிழ் எல்லாம் குடியிருந்த வீடு அது. வீட்டையே காணோம்!

எல்லார் கண்ணும் ஒயரக்கா பக்கம் திரும்பியது.

அங்கே கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் ஒயரக்கா. கழுத்தில் எந்நேரமும் ஒரு கேபிள் தொங்கும், அதனால் வந்த பெயர். ஆள் நாலேமுக்கால் அடி. கூப்பிடும்போது ‘உயரக்கா’ என்று காதில் விழுவதில் அவளுக்கே சிரிப்புதான். மொத்தம் பன்னிரண்டு கணினிகள், எல்லாம் வயதானவை. அவற்றின் இயங்குதளத்துக்கு இந்த மாதக் கடைசியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். புது இயங்குதளம் போடுவதா, பழசையே ஓட்டுவதா? இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, ‘போடலாம், எல்லாம் வேலை செய்கிறது’ என்று ஒன்பது பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தவள் அவள்தான்.

பழசுக்குத் தமிழ் நெடுங்கணக்கு தெரியாது. ர-வுக்குப் பக்கத்தில் ற-வை உட்கார வைக்கும். வ-வைக் கடைசிக்குத் துரத்தும். பத்து வருஷமாக எல்லாருக்கும் அதுவே பழகிப்போயிருந்தது. புதுசு, எழுத்துகளைப் பள்ளிக்கூடத்தில் படித்தபடி நிறுத்தும் என்று அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். வெள்ளோட்டமாக நேற்று மாலை ஐந்தரைக்கு மூன்றாம் நம்பர் கணினியில் தன் கையாலேயே போட்டும் விட்டாள். அகராதி இருந்தது அதில்தான். மற்ற பதினொன்றுக்கும் சரியா, வேண்டாமா என்று இன்று பகல் பன்னிரண்டுக்குள் பதிப்பாளர் சொல்ல வேண்டும்.

“உன் புது சிஸ்டம் விழுங்கிடுச்சு,” என்றார் மின்னல் அண்ணன்.

“போடறதுக்கு முன்னாடி நகல் எடுத்தேன்மா,” என்றாள் ஒயரக்கா பதிப்பாளரிடம். “அதுலயும் பதினேழுதான் இருக்கு. அப்போ நான் கை வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருக்கு.”

“நகலை எடுத்ததும் நீதானே?” என்று குறுக்கிட்டார் மின்னல் அண்ணன்.

சுருக்கென்றது. போன வாரத்து நகல் அலமாரியில் பத்திரமாக இருந்தது. இந்த வாரம் சேர்த்த அறுபது சொல்தான் நஷ்டம். ஆனால் அவளுக்கு எரிந்தது அதற்கல்ல. பதினோரு வருஷத்தில் அவள் கைபட்ட கணினியிலிருந்து ஒரு புள்ளிகூடத் தொலைந்ததில்லை. அந்தப் பேச்சுதான் அவளுடைய சொத்து.

“பன்னெண்டு வரைக்கும் டைம் கொடுங்கம்மா. என் வேலையில ஓட்டைன்னா சாவிக்கொத்தை மேஜைல வெச்சிட்டு நானே போயிடறேன்.”

காலை 9.20

அகராதியைத் தொகுக்கும் ஆசிரியர் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அகராதி அச்சுக்குப் போக வேண்டிய தேதி அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஃபைல் தொலைந்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும். அவருக்கு அது கசக்குமா என்ன?

“கடைசியா எப்போ திறந்தீங்க ஐயா?”

“நேத்து மூன்றரை. ‘குமிழ்’ சேர்த்தேன். மூடிட்டேன்.”

“அப்போ ழ இருந்துச்சா?”

“இல்லாமலா சேர்த்தேன்?” ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “தேதி தள்ளிப்போனா எனக்கு நிம்மதிதான், ஒத்துக்கறேன். அதுக்காக என் பிள்ளையை நானே தூக்கி ஒளிச்சு வெப்பேனா?”

காலை 9.50

அடுத்து, பக்க வடிவமைப்புக்காரி. அவளை ‘பக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பென்டிரைவ் இருந்தது.

“நேத்து அஞ்சு மணிக்கு மூணாம் நம்பர்ல நீதானே இருந்தே?”

“ஆமாக்கா. க-வை மட்டும் காப்பி பண்ணிட்டுப் போனேன். மத்ததைக் கண்ணெடுத்தும் பார்க்கல. இந்தாங்க, பாருங்க.” பென்டிரைவை நீட்டினாள். அதில் க மட்டும்தான் இருந்தது. “எனக்குப் புதுசு வந்தா போதும்க்கா. பழசு ஒரு படத்தைத் திறக்கிறதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடுது. நான் போய் இதைக் கெடுப்பேனா?”

காலை 10.15

மின்னல் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நிமிஷத்துக்கு அறுபது சொல் அடிக்கிற கை அது. வெளியாள் வந்தால் பதிப்பாளரே கூட்டிவந்து காட்டுவார். சாவிப்பலகையில் எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்று பதினைந்து வருஷமாகத் தானே ஒரு வரிசை செதுக்கி வைத்திருந்தார். அவர் பலகையில் வேறு யாராவது அடித்தால் வாயில் நுழையாத எதுவோதான் வரும்.

“எத்தனை மணிக்குப் பார்த்தீங்க அண்ணே?”

“இன்னைக்கு எட்டே முக்கால்.”

“எந்த மெஷின்ல?”

“மூணாம் நம்பர்லதான். வேற எதுல பார்க்கறது? அது ஒண்ணுலதானே அகராதி இருக்கு.”

“ழ இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஃபோல்டரைத் திறந்தேன். வரிசையா பார்த்துட்டே வந்தேன். ல இருந்துச்சு, ள இருந்துச்சு, அடுத்தது நேரா வ. நடுவுல ழ இருந்த இடமே இல்லை. ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் சத்தம் போட்டேன்மா.”

“நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?”

“நாலரை. தலைவலி.”

ஒயரக்கா எல்லாவற்றையும் வரிக்கு வரி எழுதிக்கொண்டாள்.

காலை 11.30

அரை மணி நேரம்தான் பாக்கி. மூன்றாம் நம்பரைப் பிரித்துப் போட்டுத் தேடியாயிற்று. அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியும் காலி. ஒயரக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசியாக ஒருமுறை ஃபோல்டரைத் திறந்து, விரலை வைத்துக் கீழே கீழே படித்தாள்.

விரல் நின்றது. நோட்டைப் புரட்டினாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அடப்பாவி மனுஷா!” என்றாள் வாய்விட்டே.

காலை 11.45

நாலு பேரும் மூன்றாம் நம்பரைச் சுற்றி நின்றார்கள்.

“அம்மா, இதைச் சத்தமா படிங்க. ய-விலிருந்து.”

பதிப்பாளர் குனிந்தார். “ய, ர, ல, வ, ள, ற, ன.”

“ஆசிரியர் ஐயா, சரியா இருக்கா?”

“நெடுங்கணக்குப்படி அச்சுப் பிசகாம இருக்கு. வ-வுக்கும் ள-வுக்கும் நடுவுல ழ இல்லை, அவ்வளவுதான்.”

“அதேதான். புதுசுல ழ-வோட இடம் வ-வுக்கு அப்புறம், ள-வுக்கு முன்னாடி. பழசுலதான் ள, ழ, வ-ன்னு நிக்கும். ஆனா இன்னைக்குக் காலையில, இதே மெஷின்ல, ள-வுக்கு அடுத்து நேரா வ இருந்ததா ஒருத்தர் சொன்னார்.” நோட்டை நீட்டினாள். “நேத்து ஐந்தரைக்கு மேல அப்படியொரு வரிசையை இதுல யாராலயும் பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்தது பொய்யில்லை. பார்த்த நேரம்தான் பொய். ஐயா மூன்றரைக்கு மூடினதுக்கு அப்புறம், நான் வர்றதுக்கு முன்னாடி, பழசுல பார்த்திருக்கார். தொலைஞ்சதை நேத்தே பார்த்தவர் வாயைத் திறக்கல. இன்னைக்குக் காலையில மெஷினைத் தொடாமலே சத்தம் போட்டிருக்கார். ஏன்? எடுத்தவரே அவர்தான். மின்னல் அண்ணே, கொடுத்துடுங்க.”

மின்னல் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“பன்னெண்டு மணி தாண்டினதும் திருப்பிப் போட்டிருப்பேன்,” என்றார். “ங போனா யாரு கேப்பா? ழ போனாத்தான் அம்மா பயந்து வேண்டாம்னு சொல்லுவாங்க.”

“எதுக்குண்ணே?”

“என் சாவி வரிசை உன் புதுசுல ஓடாது. செஞ்சவன் எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் மின்னல்னு கூப்பிட்டவங்க முன்னாடி, இந்த வயசுல ஒத்த விரலால எழுத்தைத் தேடச் சொல்றியா?” குரல் உடைந்தது. தலை மட்டும் குனியவில்லை.

பதிப்பாளர் அவரை முறைத்த முறைப்பில் சுவரே சுட்டிருக்கும். பிறகு ஒயரக்காவைப் பார்த்தார். “ஜெயிச்சது நீ. சொல்லு, போடலாமா?”

ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். எவ்வளவு பெருமையான நிமிஷம்! ஒயரக்கா அறிக்கையை எடுத்தாள். பேனாவால் ஒரு வரியை அடித்தாள்.

“போடலாம்மா. ஆனா ‘எல்லாம் வேலை செய்கிறது’ன்னு எழுதினேன் பாருங்க, அது தப்பு. இந்த ஆபீஸ்லயே வேகமான கையை நான் ஒரு வார்த்தை கேக்கல. பத்து மெஷினுக்கு இன்னைக்கே போடறேன். அண்ணனோடது கடைசி. மாசம் முடியறதுக்குள்ள அவரோட சாவி வரிசையைப் புதுசுல நானே கட்டித் தர்றேன். முடியலைன்னா அவர் மெஷினை வெளித் தொடர்பு இல்லாம தனியா ஓட்டிக்கலாம்.”

“உன்மேல பழி போட்டவனுக்கா?”

“அவர் செஞ்சது அயோக்கியத்தனம்தான்மா. அதுக்காக என் அறிக்கையில ஓட்டை இருக்கலாமா?”

பதிப்பாளர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு மின்னல் அண்ணன் பக்கம் திரும்பினார். “உன் வேலை போகாது. ஆனா அவ பேருக்கு நீ பூசின கரியை நீயேதான் துடைக்கணும். நடந்ததை எழுது. இங்கேயே, இந்த மூணாம் நம்பர்ல.”

அவர் உட்கார்ந்தார். முதல் எழுத்து வரவே வெகு நேரம் ஆயிற்று. உதவிக்கு வந்த ‘பக்க’த்தைக் கைகாட்டி நிறுத்திவிட்டார். ஒரு விரல், ஒரு எழுத்து; தப்பு, அழிப்பு, மறுபடி ஒரு எழுத்து. பதினேழு நிமிஷம் ஆயிற்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் நகரவும் இல்லை. முடித்ததும் எழுந்து, எல்லாரும் படிக்கும்படி ஒதுங்கி நின்றார். ஒயரக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் படித்தாள்.

‘கணினி எதையும் விழுங்கவில்லை. நான்தான் எடுத்தேன். இவள் வேலையில் குறை இல்லை.’