பெயர் இழந்த பாடங்கள்

“அதைச் செருகாதீங்க...”

அவள் கை அந்தரத்தில் நின்றது. மழையில் தொப்பலாக நனைந்து கணினி பழுதுபார்க்கும் கடைக்குள் ஓடி வந்தவள், கேட்காமலேயே கடைக்காரன் கணினியில் தன் ஹார்ட் டிஸ்க்கைச் செருகப் போயிருந்தாள். நிமிர்ந்து முறைத்தாள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பை அடக்கத் தெரியாத அவன் கண்கள்... கோபம் இன்னும் ஏறியது.

“டிக் டிக்னு சத்தம் வருதா?”

“வருது.”

“அப்போ இழுத்துக்கிட்டுக் கிடக்கு. முதல்ல அச்சு அசலா ஒரு நகல் எடுப்போம். மத்த வேலையெல்லாம் நகல்லதான். நீங்களா ஏதாவது பண்ணினீங்களா?”

“இல்ல.”

வாய் கூசாத பொய். காலையில்தான் ரிப்பேர் சாஃப்ட்வேரை இரண்டு முறை ஓட்டியிருந்தாள். தப்பு என் மேல் என்று சொல்வது மட்டும் அவளுக்கு வராது.

டிஸ்க்கில் இருந்தது அவள் குரல். பார்வையற்ற மாணவர்களுக்காக நான்கு மாதம் வாசித்துப் பதிந்த முப்பத்தெட்டு வரலாற்றுப் பாடங்கள். இன்று வெள்ளி. திங்களன்று அவர்களுக்குப் பரீட்சை.

நகல் ஆமையாக நகர்ந்தது. அறுபது சதவீதம்... அறுபத்தொன்று... நின்றது. அவள் திரையருகே குனிந்தாள்.

“பயப்படாதீங்க. வராத இடத்தைத் தாண்டிப் போகும், கடைசியில திரும்பி வந்து பார்க்கும்.”

மாலையில் முடிந்தது. நகலைத் திறந்தவன் முகம் வாடியது.

“பாடம் இருந்த ஃபோல்டர் காலியா இருக்கு. ஏன்னே புரியல.”

அவளுக்குப் புரிந்தது. கௌரவமா, அந்தப் பிள்ளைகளா...

“பொய் சொல்லிட்டேன். ரிப்பேர் சாஃப்ட்வேர் ஓட்டினேன். ரெண்டு தடவை.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் மூச்சை இழுத்து விட்டான்.

“வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சியிருக்கீங்க. சரி, அது பிடுங்கினதை ஒரு மூலையில கொட்டி வெச்சிருக்கும். பேர் மட்டும் போயிருக்கும். ஒவ்வொண்ணாக் கேட்டு எது எந்தப் பாடம்னு கண்டுபிடிக்கிறேன். நீங்க எதுக்கும் வீட்டுக்குப் போய் முதல் பாடத்துல இருந்து மறுபடி படிச்சுப் பதிஞ்சு வைங்க.”

வீட்டில் இரண்டு பக்கம்கூட வாசித்திருக்க மாட்டாள். ஏழு மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. முப்பத்தெட்டும் கிடைத்துவிட்டன. புத்தகத்தில் முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் காலை, பெயரிட்டு அடுக்கிய புது டிஸ்க்கை நீட்டியவன் கண்கள் சிவந்திருந்தன.

“ஏழு மணிக்கே முடிஞ்சுதே... தூங்கலையா?”

“பேர் வைக்க முதல் வரி போதும்.” அவன் பார்வை தரைக்கு இறங்கியது. “நிறுத்த மனசு வரல. விடியிற வரைக்கும் கேட்டேன். இருபத்தேழு பாடம்... எனக்கு வரலாறு சுத்தமாப் பிடிக்காதுங்க. உங்களைப் பிடிச்சிருக்கு.”

காது மடல்வரை சூடாகியது. டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பினாள்.

“பரீட்சை முடியட்டும். செவ்வாய்க்கிழமை வரேன்... மீதி பதினொண்ணை நேர்லயே படிச்சுக் காட்டறேன்.”