ஒன்பது மணிக்கு உடைந்த கிட்டார்

ஞாயிறு, காலை 6.40.

பூட்டைத் திறந்து விளக்கைப் போட்ட செல்லக்கிளி உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

கிட்டார் தரையில் குப்புறக் கிடந்தது. அதைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டும் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அவள் குனிந்து மெதுவாகப் புரட்டினாள். ஆறு கம்பிகளையும் இழுத்துப் பிடித்திருந்த மரக்கட்டை உடம்பிலிருந்து பெயர்ந்து, கம்பிகளோடு தொங்கியது.

அன்று மாலை ஆறு மணிக்குத் தில்லைநகரில் கச்சேரி. டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது.

அவள் அழவில்லை. பதினோரு வருஷமாக ‘சத்திரம்’ என்ற பாட்டுக் குழுவை நடத்துகிறவளுக்கு அழ எங்கே நேரம்? ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, சினிமாப் பாட்டு பாட மாட்டேன், நானே எழுதி நானே பாடுவேன் என்று கிளம்பினால் ஊர் என்னவெல்லாம் சொல்லும்? அத்தனையும் சொன்னது. அவள் காதில் வாங்கிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தாள். குழுவில் ஆட்கள் நிலைக்கவில்லை. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குப் பெங்களூரில் வேலை, இன்னொருவருக்கு அப்பாவின் மிரட்டல் என்று பதினான்கு பேர் வந்து போய்விட்டார்கள். இத்தனை பேர் போகிறார்களே என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். “சத்திரம்னா நாலு பேரு வருவாங்க, போவாங்க. சத்திரம் எங்கேயும் போகாது” என்பாள்.

இன்றுவரை ஒரு கச்சேரியைக்கூட அவள் ரத்து செய்ததில்லை. ஆனால் அவள் எழுதிய பாட்டு எல்லாமே இந்தக் கிட்டாரில் பிறந்தவை. இன்று இதை ஒருவன் வேண்டுமென்றே உடைத்திருக்கிறான் என்றால், இந்த ஊரில் இனி யாரை நம்பிப் பாடுவது? அந்த எண்ணம்தான் அவளை உலுக்கியது.

காலை 8.30.

ஸ்ரீரங்கம் காவல் நிலையத்து எஸ்.ஐ. மலர்க்கொடி வந்தபோது அறைக்குள் பஞ்சாயத்து முற்றியிருந்தது. முந்தின நாள் முழுக்கக் கோயிலில் சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து. ஷூவைக் கோபுர வாசலில் வெயிலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றிருந்தார். அந்த ஷூ இப்போது முன்பக்கம் வாய் பிளந்து, நடக்கும்போதெல்லாம் டப் டப்பென்று அடித்தது. சட்டம் ஒழுங்கைக் காக்க வந்தவரின் கம்பீரத்துக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான். வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கீழ உத்தர வீதியில் முன்னும் பின்னுமாக நீண்டுகொண்டே போகும் பழைய வீடு அது. சொந்தக்காரர் பீமராவ் முன்கட்டில் குடியிருந்தார். குழு வாடகைக்கு எடுத்திருந்தது கடைசிக் கட்டில் இருந்த அறை. தடித்த சுவர், ஒரே ஒரு ஜன்னல், வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. சித்திரையிலும் உள்ளே கால் வைத்தால் ஜில்லென்றிருக்கும்.

“யார் மேல சந்தேகம்?”

பதில் சொல்லத் தேவையே இல்லை. மூலையில் சட்டை கசங்கி நின்றுகொண்டிருந்தான் பெனடிக்ட். மூன்று மாதம் முன்புவரை இந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட். குழுவின் பெயரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்ச் சினிமாப் பாட்டு வாசித்தான் என்று செல்லக்கிளி அவனை வெளியே அனுப்பியிருந்தாள். டிரம்ஸ் வாசிக்கும் பிரவீன்ராஜ்தான் காலையில் பாலக்கரைக்குப் போய் அவன் காலரைப் பிடித்து இழுத்து வந்தவன்.

“இவன்தான் மேடம். சாவி இன்னும் இவன்கிட்டதான் இருக்கு” என்றான் பிரவீன்ராஜ்.

“மொத்தம் எத்தனை சாவி?”

“மூணு” என்றாள் செல்லக்கிளி. “எங்கிட்ட ஒண்ணு, ஹரிகிட்ட ஒண்ணு, இவன்கிட்ட ஒண்ணு.”

ஹரி என்கிற ஹரிஹரசுதன், பெனடிக்ட்டின் இடத்துக்கு வந்த புதுக் கிட்டாரிஸ்ட். துவாக்குடியில் இன்ஜினியரிங் முடித்த பையன். விரல் பட்டால் கம்பி பேசும். வாசலில் நிற்கிற வெள்ளைக் கார் அவனுடையது. குழுவில் மற்ற இருவருக்கும் பைக்தான்.

“கிட்டார் கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?”

“வெள்ளிக்கிழமை ராத்திரி பிராக்டிஸ்ல. அப்புறம் ஸ்டாண்டுல வெச்சுட்டுப் பூட்டிட்டேன். நேத்து முழுக்க நான் முசிறியில. அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. பத்து மணி பஸ்லதான் வந்து இறங்கினேன்.”

பீமராவ் தொண்டையைக் கனைத்தார். இதற்காகத்தான் அவர் விடியற்காலையிலிருந்து காத்திருந்தார்.

“ராத்திரி ஒம்பது மணி இருக்கும்மா. மழை அப்பதான் விட்டுது. பின்கட்டுல படார்னு ஒரு சத்தம். தூக்கிவாரிப் போட்டுது. நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து பார்க்கறேன், இந்தப் பையன் கேட் கிட்ட நிக்கறான்! என்னைப் பார்த்ததும் திரும்பி நடந்துட்டான்.”

“வேற யாராவது ராத்திரி வந்தாங்களா?”

“ராத்திரி வேற யாரும் வரலை. சத்தியமா சொல்றேன்.”

மலர்க்கொடி பெனடிக்ட் பக்கம் திரும்பினார்.

“ஏன் வந்தே?”

“சாவியைத் திருப்பிக் குடுக்க வந்தேன் மேடம். கேட்டைத் திறக்கப் போனேன். உள்ள படார்னு சத்தம் கேட்டுச்சு. அக்காதான் கோவத்துல எதையோ தூக்கிப் போடுறாங்கன்னு நெனச்சேன். இப்ப போனா நம்ம தலைக்கு வரும்னு திரும்பிட்டேன்.”

அந்த நிலைமையிலும் செல்லக்கிளிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட பீமராவ் காபி குடிக்க முன்கட்டுக்குப் போனார். “தம்பி, நீங்க?” என்று ஹரியைக் கேட்டார் மலர்க்கொடி.

“ஒம்பது மணிக்கு நான் அத்தை வீட்டு நிச்சயதார்த்தத்துல இருந்தேன் மேடம். ஊரே பார்த்துது. வேணும்னா போட்டோ காட்டறேன்.”

“பகல்ல?”

“வீட்லதான். காரைக்கூட எடுக்கலை.” அவன் குரலைத் தாழ்த்தினான். “மேடம், பெனடிக்ட் மேல எஃப்.ஐ.ஆர். போடுங்க. அக்கா, நீங்க இன்னிக்குக் கச்சேரியைக் கேன்சல் பண்ணிடுங்க. இந்தக் கிட்டார் இல்லாம எப்படிப் பாடுவீங்க? போதும்க்கா, எத்தனை வருஷம்தான் தனியா மல்லுக்கட்டுவீங்க?”

“ஒண்ணும் கேன்சல் இல்ல” என்றாள் செல்லக்கிளி. “கைதட்டிக்கிட்டாவது பாடுவேன்.”

மலர்க்கொடிக்குப் பந்தோபஸ்துப் புழுதியில் தொண்டை கட்டியிருந்தது. அலமாரியில் ஒரு டப்பாவில் இருமல் மிட்டாய் இருந்தது. ஆட்டிப் பார்த்தார், கலகலவென்றது. இரண்டுதான் மீதி. “எடுத்துக்கலாமா?” என்று கேட்டு இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். பெயர்ந்த கட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு கிட்டாரின் உடம்பை உள்ளங்கையால் தடவினார். எங்கேயும் ஒரு நசுங்கல்கூட இல்லை.

செல்லக்கிளி இருமினாள். சாயங்காலம் பாட வேண்டிய தொண்டை.

“ஹரி, கிட்டார் பை ஜிப்புக்குள்ள மிட்டாய் கெடக்கும், எடு. வெள்ளிக்கிழமை வாங்கினதுல பாதியை டப்பாவுல கொட்டிட்டு மீதியை அதுல போட்டேன்.”

“அது வேணாம்க்கா. எல்லாம் உருகி ஒட்டிக் கெடக்கும். நான் போய்ப் புதுசு வாங்கிட்டு வரேன்.”

“யாரும் வெளிய போக வேணாம்” என்றார் மலர்க்கொடி. வாயிலிருந்த மிட்டாயைக் கடக்கென்று கடித்தார்.

காலை 9.10.

எஸ்.ஐ. மலர்க்கொடி வாசலுக்குப் போய்த் தன் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பின்னாலேயே வந்த பீமராவ் முகம் சுளித்தார்.

“முதல்ல பெனடிக்ட் கதையை முடிச்சிடலாம். சார், சத்தம் கேட்டதும் நேரா வாசலுக்கு வந்தீங்களா?”

“ஆமா. உடனே வந்தேன்.”

“இந்த அறை கடைசிக் கட்டுல இருக்கு. உடைச்சவன் வெளிய வந்து, கதவைப் பூட்டிட்டு, உங்க கூடத்தைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போகணும். நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதுக்குள்ள இவன் எப்படிப் போயிருப்பான்? பறந்தா?”

பிரவீன்ராஜ் மெல்ல பெனடிக்ட்டின் பக்கத்திலிருந்து தள்ளி நின்றான்.

“அப்ப உடைச்சது யார் மேடம்?” என்றாள் செல்லக்கிளி.

“ஒம்பது மணிக்கு இந்த அறையில யாருமே இல்லை. அதனாலதான் பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. கிட்டார் தானா உடைஞ்சுது.”

அவர் பெயர்ந்த கட்டையையும் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

“ஓங்கி அடிச்சு உடைச்சிருந்தா மரம் பிளந்து சிலாம்பு சிலாம்பா நிக்கும். இதுல மரம் அப்படியே இருக்கு. பசை மட்டும் நூல் நூலா இழுபட்டு வந்திருக்கு. என் ஷூவும் அப்படித்தான் வாயைத் திறந்துச்சு. நேத்து முழுக்க வெயில்ல கெடந்துச்சு, பசை இளகிப் போச்சு. இந்த அறையில வெயிலே கிடையாது. டப்பாவுல இருந்த மிட்டாய் கல்லு மாதிரி இருக்கு. அப்ப இந்தக் கிட்டார் வெயில்ல எங்க வெந்துச்சு?”

“கார்ல” என்றான் பெனடிக்ட். வாய் தானாகச் சொல்லிவிட்டது. “கண்ணாடியை ஏத்திட்டு வெயில்ல நிறுத்தின கார்ல வெச்சா கட்டை இப்படித்தான் விட்டுடும் மேடம். கம்பி இழுத்துக்கிட்டே இருக்கும் இல்ல? கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கி, ஒரு கட்டத்துல படார்னு பிச்சுக்கிட்டு வரும். அந்த வேகத்துல ஸ்டாண்டோட சாஞ்சிருக்கும்.”

மலர்க்கொடி கிட்டார் பையை இழுத்து, முதல் தடவையாக அதன் ஜிப்பைத் திறந்தார். உள்ளே கை விட்டார். மிட்டாய்கள் காகிதத்தோடு சேர்ந்து ஒரே உருண்டையாக வந்தன.

“ஒரே பாக்கெட் மிட்டாய். டப்பாவுல இருந்தது கலகலன்னு இருந்துச்சு, பையில இருந்தது இப்படி ஆயிருக்கு. பையும் வெயிலுக்குப் போயிருக்கு. இந்த ஜிப்பை இன்னிக்கு யாரும் திறக்கலை. ஆனா இது உருகிக் கெடக்கும்னு ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு.”

ஹரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நேத்து பகல்ல இங்க யாராவது வந்தாங்களா சார்?” என்று கேட்டார் மலர்க்கொடி.

“ஹரி வந்தாரே. காலையில பையோட போனார், சாயங்காலம் மழைக்கு முன்னாடி பையோட வந்தார்” என்றார் பீமராவ். எல்லோரும் தன்னையே பார்ப்பது கண்டு அவருக்குக் கோபம் வந்தது. “ராத்திரி யார் வந்தான்னுதானே எல்லாரும் மாத்தி மாத்திக் கேட்டீங்க? பகல்ல யார் வந்தான்னு என்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா?”

மலர்க்கொடி மிட்டாய் உருண்டையை ஹரியின் முன்னால் வைத்தார்.

ஹரி சுவரில் சாய்ந்தான். “சென்னையிலேர்ந்து ஒரு மியூசிக் கம்பெனிக்காரர் வந்திருந்தார். துவாக்குடி லாட்ஜ்ல. தனியாப் பாடற ஆள் வேணும்னார். அக்கா பாட்டையெல்லாம் பாடினேன். என் பாட்டுன்னு சொன்னேன். இந்தக் கிட்டார்லதான் அந்தப் பாட்டுக்கு அந்த சவுண்டு வரும். அப்புறம் சாப்பிடக் கூட்டிட்டுப் போனார். பேசிக்கிட்டே மூணு மணி ஆயிடுச்சு. கிட்டார் வெச்ச கார் ரோட்டு ஓரமா வெயில்ல நின்னுது.”

“இங்க கொண்டு வந்து வெக்கும்போது பார்த்தியா?” என்றாள் செல்லக்கிளி.

“கட்டைக்கடியில முடி அளவு இடைவெளி தெரிஞ்சுது. விரலால அமுக்கி விட்டேன்.”

“கம்பியைத் தளர்த்தி விட்டிருந்தாப் போதுமேடா! கட்டை நின்னிருக்கும்” என்று பெனடிக்ட் கத்திவிட்டான்.

“தளர்த்தினா யாரோ எடுத்திருக்காங்கன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுடும். அவங்க வெச்ச சுருதியிலேயே வெச்சுட்டுப் போனேன்.” ஹரி தலையைக் குனிந்துகொண்டான். “ராத்திரி சத்தம் கேட்டுது, பெனடிக்ட் வந்திருந்தான்னு சொன்னாங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

செல்லக்கிளிக்குப் பொறுக்கவில்லை. கிட்டாருக்காக அல்ல. மரம்தானே, ஒட்ட வைத்துக்கொள்ளலாம். தூக்கம் விழித்து எழுதின பாட்டுகளை இன்னொருவன் தன் வாயால் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறான். அதோடு, ஒரு பாவமும் அறியாதவனை லாக்கப்புக்கு அனுப்பப் பார்த்திருக்கிறான்.

“பதினாலு பேரு போனாங்க ஹரி. பெனடிக்ட் ஒருத்தனைத் தவிர மத்த எல்லாரையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏத்தி விட்டுட்டு வந்தேன். போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னையும் ஏத்தி விட்டிருப்பேன்.”

“புகார் எழுதறீங்களா?” என்றார் மலர்க்கொடி.

“கிட்டாருக்கு வேணாம் மேடம். இவன் இப்பவே, உங்க முன்னாடியே, அந்த ஆளுக்குப் போன் பண்ணட்டும். ஸ்பீக்கர்ல போடட்டும். அந்தப் பாட்டு யாரு எழுதினதுன்னு இவன் வாயாலேயே சொல்லணும். சொல்லலைன்னா எழுதறேன்.”

ஹரி போனை எடுத்தான். அந்தப் பக்கம் ஒரு தூக்கக் கலக்கக் குரல் கேட்டது. ஹரி திக்கித் திணறி, நாலே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லி முடித்தான்.

“அப்படியா?” என்றது குரல், வெட்கமே இல்லாமல். “அப்ப அந்தப் பொண்ணையே சென்னைக்கு அனுப்புப்பா. குரூப்பெல்லாம் வேணாம், தனியா வரச் சொல்லு. சத்திரம், சாவடின்னு பேரெல்லாம் எடுபடாது. பேரை மாத்திக்கலாம்.”

பிரவீன்ராஜ் செல்லக்கிளியைப் பார்த்தான். ஹரி பதினைந்தாவது ஆள், பதினாறாவதாக அவளே போய்விடுவாளோ என்று அவனுக்கு ஒரு கணம் பயம் வந்தது உண்மை.

செல்லக்கிளி ஹரியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“சார், பேரு சத்திரம்தான். மாத்தறதா இல்ல. தனியால்லாம் வர மாட்டேன், நாங்க மூணு பேரு. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தில்லைநகர்ல பாடறோம். கேக்கணும்னா நீங்க இங்க வாங்க. உக்கார இடமில்ல, நின்னுதான் கேக்கணும்.”

போனை அணைத்து ஹரியிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நீளமான நடையைக் கடந்து தெருவுக்குப் போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பெனடிக்ட் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அக்கா, பிரவீன்ராஜ். கணக்கு இடித்தது.

“மூணாவது யாருக்கா?”

“கேக்கறான் பாரு கேள்வி” என்றாள் செல்லக்கிளி. “போய் உன் கிட்டாரைத் தூக்கிட்டு வாடா. பிராக்டிஸ் பண்ண நேரமில்ல.”