அத்தாவின் முட்டிக்குள் ஒரு மருந்து

உமர் பாரூக் காளவாசலில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். நாள் முழுக்க அடுப்புக்கு முன்னால் நிற்கும் வேலை. முடக்குவாதத்தால் அவருடைய வலது முட்டி வீங்கிப் போனது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் முட்டிக்குள்ளேயே கதிரியக்க மருந்தை ஊசியால் செலுத்தினார்கள். காலை அசையாதபடி கட்டி, "இரண்டு நாள் மடக்கவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

கதிரியக்கம் என்ற சொல்தான் மகள் சபிஹாவைப் பயமுறுத்தியது. வகுப்பில் ராம்கியிடம் சொன்னாள்.

"ஐயையோ! பக்கத்துல போயிராத. முடி கொட்டிப்போகும்!"

"அம்புட்டுமா?"

"புருவங்கூட!"

அன்று மாலை அம்மா மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். "அத்தா எது கேட்டாலும் எடுத்துக் குடு. எந்திரிக்க மட்டும் விட்டுராத."

சபிஹா வாசலிலேயே நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி தாம்மா" என்றார் அத்தா.

ஒரு கையால் ஜடையைப் பொத்திக்கொண்டு செம்பை எடுத்து வந்தாள். கட்டில்வரை போகவில்லை. பாதி வழியில் தரையில் வைத்துவிட்டு ஓடினாள்.

அத்தா செம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்து, ஓரடி வைத்தவர், "யா அல்லாஹ்!" என்று கட்டிலில் சரிந்தார்.

சபிஹாவுக்கு முடியும் புருவமும் மறந்துபோயின. ஓடிவந்து காலைத் தாங்கி மெதுவாக நீட்டி வைத்தாள்.

"பயந்துட்டியா?"

தலையசைத்தாள். "பக்கத்துல வந்தா முடி கொட்டிப்போகுமான்னு யார்ட்ட கேட்டாத் தெரியும் அத்தா?"

"நர்ஸம்மா தாமரைச்செல்வி நம்பர் போன்ல இருக்கு பாரு."

சபிஹாவே பேசினாள்.

"அந்தக் கதிர் முட்டிக்குள்ளயே நின்னுரும்மா" என்றார் நர்ஸ். "வீங்குன சவ்வைச் சுருக்கும், அம்புட்டுதான். நீ தாராளமாப் பக்கத்துல உக்காரலாம். காலை அசைச்சாத்தான் மருந்து கசிஞ்சிரும்."

"அத்தா எந்திரிச்சுட்டாங்க. என்னாலதான்."

"டாக்டர்ட்ட சொல்லிர்றேன். ஓரடிதானே, பாப்போம். இனிமே அசைய விடாத."

'பாப்போம்' என்ற அந்தச் சொல் சபிஹாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அம்மா திரும்பி வந்தாள். "என்னங்க, மூஞ்சி இப்படி வேர்த்திருக்கு?"

"நாந்தான் அவசரப்பட்டு எந்திரிச்சுட்டேன்."

"இல்லம்மா" என்றாள் சபிஹா. "நான் பயந்துபோய்த் தண்ணிய எட்டத்துல வச்சுட்டேன்."

அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அத்தாவின் முகத்தைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சபிஹா கட்டிலில் ஏறி, சுவரில் சாய்ந்து அத்தாவுக்கு அருகே உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சூண்டு."

"பொய் சொல்லாதீங்க."

"நிறையத்தான்."

கொஞ்ச நேரத்தில் அவள் தோளில் தலை சாய்ந்து அத்தா தூங்கிப்போனார். சபிஹாவின் கால் மரத்துப்போனது, கையும் மரத்துப்போனது. அவள் அசையவே இல்லை.